நீலப் பெட்டியில் அஞ்சலையம்மாவின் கை

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பண்ருட்டி பஸ் ஏறினோம், நானும் என் தோழி வாசுகியும். ஞாயிற்றுக்கிழமை காலை. பலாப்பழக் காலம் என்பதால் பஸ்ஸுக்குள் ஏறியதுமே பழ வாசனை மூக்கில் ஏறியது. என் மடியில் டர்க்கி டவலில் சுற்றிய ஒரு பொட்டலம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தையே பார்த்தார்.

"என்னாம்மா அது, கொழந்தையா?"

"கம்ப்யூட்டர் சாமான்ங்க."

"அழுவாதில்ல? அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

உள்ளே இருந்தது ஒரு நீலப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதன் வாயில் பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு டிஸ்க்கைத் தள்ளினால் 'க்ளக்' என்று விழுங்கும். பச்சை விளக்கு எரியும். ஒரு கூடை ஃபிளாப்பியில் கொள்ளாததெல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும்.

வாசுகியின் எம்.ஃபில். ஆய்வேடு முழுவதும் அன்றைக்கு அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. வருகிற புதன்கிழமை கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாகிவிட்டது. இதையும் விட்டால் பதிவே ரத்து, பட்ட பாடெல்லாம் வீண் என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இரண்டாவது மாமியார்

என் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை இந்தப் பத்தியில் முன்பே ஒரு வாரம் எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்துவிட்டு, குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தவள். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், ஆசிரியர்களின் ஆய்வேடு என்று டைப் அடித்துக் கொடுக்கலாமே என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன்.

கணவர் அதற்கு வைத்த பெயர் 'இரண்டாவது மாமியார்'. "முதல் மாமியாராவது ராத்திரி ஆனா தூங்கிடுவாங்க" என்பார். அவருடைய அம்மாவைத்தான் சொல்கிறார் என்பதைக்கூட மறந்துவிட்டுச் சிரிப்பார்.

கம்ப்யூட்டருக்கு ஃபிளாப்பிதான் ஆகாரம். ஆனால் எங்கள் ஊரில் ஃபிளாப்பிக்கு ஆயுள் கெட்டி இல்லை. காலையில் துடைத்த ஜன்னல் கட்டையை மாலையில் விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். அந்த நிலக்கரித் தூள் ஃபிளாப்பிக்குள்ளும் போய்விடும். மழைக்காலத்தில் பூஞ்சை வேறு. நேற்று நன்றாக இருந்தது இன்றைக்கு 'கர்க் கர்க்' என்று அழும். ஒரே ஃபைலை மூன்று ஃபிளாப்பியில் போட்டு, மூன்றையும் கும்பிட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

பெரிய ஹார்டு டிஸ்க் வாங்க எங்களால் முடியாது. அந்தச் சமயத்தில்தான் இந்த நீலப் பெட்டி எங்கள் கைக்கு எட்டுகிற விலைக்கு இறங்கி வந்தது. எதிர்வீட்டுக்காரரின் தம்பி சென்னையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டியதில்லை, ஸ்குரூ முடுக்க வேண்டியதில்லை. பிரிண்டர் சொருகும் இடத்தில் இதன் வயரைச் சொருகினால் போதும். கழற்றினால் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

எங்கள் பிளாக்கில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அத்தனை வீட்டுக்கும் நீலப் பெட்டி போய் வந்தது. காலிங்பெல் அடித்தாலே, "கோமதி, பெட்டி வேணுமாம்" என்று என் கணவர் குரல் கொடுப்பார். தோசைக்கல் இரவல் போவது மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது.

இன்றைக்கு நகத்தளவு மெமரி அட்டையில் அப்படிப்பட்ட பெட்டிகள் ஊர்வலமாக வந்தாலும் இடம் இருக்கிறது. என் மகன் அந்த அட்டை எங்கே விழுந்தது என்று கட்டிலுக்கடியில் தேடுகிறான். எங்கள் பெட்டி ஒருநாளும் தொலையவில்லை. அவ்வளவு பெரியதைத் தொலைப்பதும் கஷ்டம்தான்.

கையைக் காட்டினால் படத்தைக் காட்டணும்

வாசுகி டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. பின்தெருவில் அவளுக்குக் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் பண்ருட்டி போகிற வழியில் இருக்கும் காடாம்புலியூர். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. அவளுடைய அம்மா அஞ்சலையே அந்த வேலை செய்கிறவர்.

முந்திரி ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோலை வேகவைத்துவிடும். உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து, நகத்தோரம் வெடித்துப் போயிருக்கும். அந்தக் கைகளைத்தான் வாசுகி ஃபிலிம் கேமராவில் படம் பிடித்து, ஸ்கேன் செய்து, ஐந்தாம் அத்தியாயத்தில் வைத்தாள். ஒரு படம்கூட ஒரு ஃபிளாப்பியில் அடங்கவில்லை. நீலப் பெட்டி இல்லாவிட்டால் அந்த அத்தியாயமே இல்லை.

படம் எடுக்கும்போது அந்தப் பெண்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். காலேஜில் கொடுப்பதற்கு முன்னால் தங்களுக்குக் காட்ட வேண்டும், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும். நியாயம்தானே. அத்தனை பேரையும் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வருவதைவிட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாம் போவது சுலபம். வாசுகியின் தம்பி முருகன் காடாம்புலியூரில் டெலிபோன் பூத் வைத்திருந்தான். கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொடுப்பதற்காக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பூத்துக்குள் போய் வயரைச் சொருகி, ஆய்வேட்டைத் திறந்தேன். படங்கள் பளிச்சென்று வந்தன. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக, கோழி கிளறின மாதிரி வந்தது. தமிழ் எழுத்துரு இருந்த ஃபிளாப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"பரவால்ல, எனக்கு மனப்பாடம்" என்றாள் வாசுகி.

"எம் பேரு எங்க?"

பெண்கள் திரைக்கு முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். முதல் கை வந்ததுமே ஒரே சிரிப்பு.

"இது பட்டு கையி! அந்தக் கோண வெரலப் பாரேன்!"

"உன்து மட்டும் என்னா, வெண்டக்காயா?" என்றார் பட்டு.

சிரிப்பு அடங்கியதும் அஞ்சலையம்மா கேட்டார். "கீழ என்னா எழுதிகினு இருக்க? படி."

வாசுகி தொண்டையைச் செருமினாள். "படம் ஏழு. முந்திரி ஓட்டு எண்ணெயால் அரிக்கப்பட்ட வலது கை, தொழிலாளி, வயது ஐம்பதுக்கு மேல்."

"இது யாரு கையி?"

"உன்னோடதுதாம்மா."

"அப்ப எம் பேரு எங்க?"

வாசுகி என்னைப் பார்த்தாள். ஆய்வேட்டில் அப்படியெல்லாம் பெயர் போட மாட்டார்கள், அது வழக்கமில்லை என்று அம்மாவுக்கு விளக்கினாள்.

"மாடு கன்னுக்கே பேரு வெச்சித்தான் கூப்புடறோம்" என்றார் அஞ்சலையம்மா. கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் சொன்னார். மற்றவர்களும் எங்கள் பெயர் எங்கே, எங்கள் பெயர் எங்கே என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

வாசுகி கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு, "போட்டுடு கோமதி. வர்றத பாத்துக்கலாம்" என்றாள்.

என்னுடைய எழுத்துரு இல்லை. முருகனின் ஜாதகப் புரோகிராமில் ஒரு தமிழ் எழுத்து இருந்தது. அதை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரை அடித்தேன். கடைசிப் பெயரையும் அடித்து முடித்து சேவ் கொடுத்தேன். நீலப் பெட்டியில் விளக்கு படபடவென்று துடித்தது. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்போது கரண்ட் போனது.

நாங்க நெய்வேலிங்க

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது; நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற ஊர் அது. போனால் அது ஒரு சம்பவம். பிளாக் முழுக்க வெளியே வந்து நின்று, "உங்க வீட்டுலயும் இல்லையா?" என்று கேட்கும். எங்கள் வீட்டில் மெழுகுவத்தி இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஃபேனைச் சுற்றவிட்டுவிட்டு ஊருக்குப் போகிற ஜனங்கள் நாங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரர், "யூ.பி.எஸ். ஒண்ணு போட்டுக்கறீங்களாம்மா? திடீர்னு கரண்ட் போனா..." என்று இழுத்தார். நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். "நாங்க நெய்வேலிங்க" என்றார் கணவர், ஏதோ ராஜவம்சம் மாதிரி.

அதனால் என்ன ஆனது? வேலை செய்து முடித்த பிறகு ஒரே தடவை சேவ் கொடுப்பதுதான் எனக்குப் பழக்கம். வேலை செய்யும் ஃபைலை வேறு ஓர் இடத்தில் நகல் எடுத்து வைக்கும் பழக்கமும் நீலப் பெட்டி வந்ததோடு போயிற்று. ஃபிளாப்பியைத்தான் நம்ப முடியாது, இதை நம்பலாம் என்று ஒரு தெம்பு. ஹார்டு டிஸ்க்கில் இடம் அடைக்கிறதே என்று ஆய்வேட்டை அங்கிருந்து வெட்டி எடுத்து இந்த டிஸ்க்கில் ஒட்டிவிட்டேன். நகல் எதுவும் கிடையாது. இப்படி ஒரு காரியத்தை வேறு ஊர்க்காரர் எவரும் செய்திருக்க மாட்டார்.

பூத் இருட்டாக இல்லை. நல்ல பகல் வெளிச்சம். ஆனால் எனக்குக் கண்ணை இருட்டியது. பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். கரண்ட் இல்லாமல் அது டிஸ்க்கை வெளியே விடாது. டிஸ்க்கை முழுங்கிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சுற்றியிருந்த ஒருத்தருக்கும் பதற்றம் இல்லை. ஒருவர் முந்தானையால் விசிறிக்கொண்டார். பட்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க ஊரு சிம்னி பொக வுடுது. அங்க செய்யறாங்க கரண்ட்ட, இங்க இல்ல" என்றார் பட்டு. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கரண்ட்டு செய்யற ஊர்லேர்ந்து வந்துட்டு இப்புடி பயப்புடறியேம்மா" என்று என் தோளைத் தட்டினார்.

முருகன் உள்ளே வந்தான். "சேவ் பண்ணிட்டீங்களாக்கா?"

"பண்ணிட்டிருக்கும்போதே போயிடுச்சு. உன்கிட்ட யூ.பி.எஸ். இல்லையா?"

"பேட்டரி செத்துப் போச்சுக்கா. நான் ஜாதகத்துல ஒரு கட்டம் போட்டா ஒரு சேவ், அடுத்த கட்டம் போட்டா இன்னொரு சேவ். வேற காப்பி இருக்கில்ல?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவன் அக்காவிடம் திரும்பினான். "ஏன்க்கா, இவங்கதான் டவுன்ஷிப்பு. நீ கூடவா?"

வாசுகி அந்த ஊரில் அரிக்கேன் விளக்கில் படித்து வளர்ந்தவள். அவளுக்கும்தான் நகல் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

அஞ்சலையம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "வேலைக்குத்தான் அந்த ஊருக்குப் போன. அதுக்குள்ள நம்ம வூட்டுல கரண்ட்டு போவும்ங்கறத மறந்துட்டியா?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். வாசுகியின் கண் நிறைந்துவிட்டது. அழுகை ஆய்வேட்டுக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருஷத்து உழைப்பு அந்த நீலப் பெட்டியின் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஜாதக எழுத்து

கரண்ட் வரும்வரை பலாப்பழம் வந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அஞ்சலையம்மா பழத்தைப் பிளந்தார். அந்தக் கவலையிலும் நான் நிறையத் தின்றேன் என்பதை வெட்கப்படாமல் சொல்கிறேன். காடாம்புலியூர்ப் பழம் அப்படி.

வெயில் சாயும் நேரத்தில் தலைக்கு மேல் ஃபேன் அசைந்தது. எல்லோரும் திரைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். பெட்டியிலிருந்து 'டிக், டிக், டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஃபிளாப்பி சாகும்போது கேட்கும் சத்தத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

முதல் நான்கு அத்தியாயங்களும் தனித்தனி ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கட்டம் கட்டமாகத்தான் வந்தன, ஆனால் முழுசாக வந்தன. கைப்படங்களும் தனியாகப் பத்திரமாக இருந்தன. நான் கடைசியாகக் கை வைத்த ஐந்தாம் அத்தியாயம் மட்டும் திறக்கவே இல்லை. அதில் எழுதிய அத்தனையும் போய்விட்டது.

"உனக்குத்தான் மனப்பாடமாச்சே" என்றேன் வாசுகியிடம்.

அவள் திரையைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். "அது வேணாம்" என்றாள். "இவங்களையே சொல்லச் சொல்றேன். நீ அப்படியே அடி."

ஒவ்வொரு படமாகப் போட்டோம். எவர் கையோ அவர் சொன்னார். முருகன் என் பின்னால் நின்றுகொண்டு, ஒரு வரி முடிந்தால், "சேவ் பண்ணுக்கா" என்பான். அதற்குப் பிறகு அவனே எழுத்தை மட்டும் ஒரு ஃபிளாப்பியிலும் நகல் எடுத்தான். வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியது மாதிரிதான் இருந்தது எனக்கு.

'பட்டு. காயம் ஆறிடுச்சி, கறை போவல. தீவாளிக்குத் தேச்சிக் குளிச்சும் போவல.'

'சின்னப்பொண்ணு. எம் புள்ளய இந்த வெரல் படாம முட்டி மடக்கித் தூக்குவேன். எண்ணெ பட்டா அதுக்குப் புண்ணாயிடும்.'

சின்னப்பொண்ணு இதைச் சொல்லிவிட்டு, எப்படித் தூக்குவாள் என்று வெறுங்கையால் செய்து காட்டினாள். எத்தனையோ முறை அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசியும் இது தனக்குத் தெரியாது என்றாள் வாசுகி.

அஞ்சலையம்மாவின் முறை வந்தது. ரொம்ப நேரம் தன் கைப்படத்தைப் பார்த்தார். நானும் விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மகளைப் படிக்க வைத்ததைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எழுது" என்றார். "அஞ்சலை. எடது கையில மயிலு பச்ச குத்திகினு இருக்கேன். அது நல்லா இருக்கும். அத எடுக்கல."

வாசுகி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நான் அடித்தேன். "சேவ் பண்ணுக்கா" என்றான் முருகன்.

மயில்

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். ஜாதக எழுத்தில் அடித்ததை என்னுடைய எழுத்துக்கு மாற்றினால் அர்த்தமில்லாத கிறுக்கல்தான் வந்தது. திரும்ப அடிக்க நேரம் இல்லை. நான்கு அத்தியாயம் ஓர் எழுத்திலும் ஐந்தாவது வேறோர் எழுத்திலுமாக அச்செடுத்து, பைண்ட் செய்து, புதன்கிழமை கொடுத்துவிட்டு வந்தாள் வாசுகி.

வழிகாட்டிப் பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சாவது மட்டும் ஏம்மா ஜாதகம் மாதிரி இருக்கு?" என்று கேட்டாராம்.

"கரண்ட் போயிடுச்சு சார்."

"நெய்வேலியிலயா?"

"இல்ல சார். எங்க ஊர்ல."

பெயர்களைப் பார்த்து அவர் முகத்தைச் சுளித்திருக்கிறார். இதெல்லாம் ஆய்வு முறைக்கு ஒத்துவராது என்றிருக்கிறார். அவங்க போடச் சொன்னாங்க, எடுக்க மாட்டேன் என்று வாசுகி நின்றுவிட்டாள். அவள் அப்படிப் பேசக்கூடியவள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் நடந்த வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மா வந்திருந்தார். அவருடைய கேள்விகள் முக்கால்வாசி அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான். கடைசியாக, அஞ்சலை என்ற பெயருக்குக் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார். "அந்த மயிலை ஏன் எடுக்கல?"

"புண் இருக்கிற கையா தேடினேன் மேடம். மயில் என் கண்ணுல படல" என்றாளாம்.

எம்.ஃபில். கிடைத்துவிட்டது. சேதி கேட்டதும் என் கணவர் இரண்டாவது மாமியாருக்குக் குங்குமம் வைத்தார். மறுவாரமே ஒரு யூ.பி.எஸ். வாங்கிப் போட்டோம். கடைக்காரர், "நெய்வேலிங்களே, உங்களுக்கு எதுக்கு?" என்றார். வேண்டும், கொடுங்கள் என்றோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசுகி கேமராவை எடுத்துக்கொண்டு காடாம்புலியூர் போனாள். நானும் கூடப் போனேன், பலாப்பழம் ஒரு காரணம். அஞ்சலையம்மா அப்போதுதான் குளித்துவிட்டு, மஞ்சள் புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்தில் வந்து நின்று இடது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே பச்சை மயில், கழுத்தை வளைத்து நின்றது.

வாசுகி கேமராவைக் கைக்கு அருகே கொண்டுபோய்க் குனிந்தாள்.

"ஏன்டி" என்றார் அஞ்சலையம்மா. "மூஞ்சியும் வருமா?"

வாசுகி நிமிர்ந்தாள். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, அம்மாவின் முகம் முழுசாக வரும்வரை பின்னால் நடந்தாள்.